சாவி யாரிடம்? கிராமத்து அறப்பணிகளைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள்: உத்திரமேரூர், புஞ்சரசந்தாங்கல்

கல்வி, கலை, சூழல் மூன்றிலும் கைவைத்து வேலை செய்யும் அறக்கட்டளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓர் அலுவலகத்தில் தொடங்குவார்கள். ஆண்டறிக்கையும் படங்களும் மேசைக்கு வந்துவிடும். நாங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலிருந்து தொடங்கினோம்.

முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளையொட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து, ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்று அமர்த்திய முறை பள்ளிப் பாடத்திலேயே வருவதுதான். அது அந்தணர் சபையின் ஏற்பாடு, ஊரிலிருந்த எல்லாருக்கும் அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்தப் பயணத்துக்கு வேண்டியது அதிலுள்ள ஒரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. ஏரியின் கணக்கு ஏரியடியிலேயே இருந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு கிராமத் திட்டத்தின் கணக்கு எங்கே இருக்கிறது, அதைக் கேட்கும் உரிமை ஊரில் யாருக்கு இருக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் மற்ற நான்கு நாளும் போகப்போகிறோம்.

மதியத்துக்கு மேல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல். கட்டைக்கூத்து சங்கத்தின் இடம். பெருங்கட்டூர் பி. ராஜகோபாலும் சக கலைஞர்களும் 1990-இல் தொடங்கிய அமைப்பு அது. 2002 முதல் 2020 வரை குருகுலம் நடந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒன்றாகக் கற்றார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் அரிதாரம் பூசி மேடையேறினார்கள். இது சிறிய காரியமில்லை.

கூத்துக்கு உதவி செய்ய நினைக்கும் வேறு பல அறக்கட்டளைகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கூத்து என்பது இரவு 10 மணிக்கு மேல் களரி (ஆடுகளம்) கட்டி விடியும்வரை ஆடுவது. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம் என்று மேளக்காரர்கள் பின்னால் அமர, கட்டியங்காரன் வந்து களத்தைத் திறந்து, வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி வெளிப்படுவார். திரை விலகுவதற்கே கால் மணி நேரம் ஆகலாம். விழாவுக்கு வரும் விருந்தினருக்காக இதை 40 நிமிடமாக வெட்டும்போது முதலில் போவது இந்தத் திரைப் பிரவேசம்தான். இரண்டு மூன்று ஆண்டு அப்படியே பழகிய இளம் ஆட்டக்காரருக்குப் பிறகு முழு இரவு தாங்கும் குரலும் இராது, பாடமும் இராது.

அதைவிடப் பெரிய தவறு, ஊர்க் கூத்துக்கான பணத்தையே அறக்கட்டளை கொடுத்துவிடுவது. வடமாவட்டங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு உயர்ந்த மரம், கடைசியில் மண்ணால் கிடத்திய துரியோதனன் உருவத்தோடு படுகளம், தீமிதி. இதற்கெல்லாம் ஊரில் தலைக்கட்டு வரி உண்டு. வீட்டுக்கு வீடு போய் வரி வாங்குவதில்தான் பாதித் திருவிழா இருக்கிறது. ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, பாக்கு வைத்து அழைக்கும் உரிமையும் வரி கொடுத்தவருக்குத்தான். வெளியிலிருந்து பணம் வந்த ஆண்டில் வரி நின்றுவிடும். பணம் நின்ற ஆண்டில் வரியைத் திரும்பத் தொடங்குவது பெரும்பாடு.

அப்படியானால் பணம் எங்கே போக வேண்டும்? மழைக்காலத்துக்கு. ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டமில்லை, வருமானமில்லை. பயிற்சிக்கும் அணிகளைச் செப்பனிடுவதற்கும் அதுவே நேரம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடியும் வண்ணத்தாளும் ஒட்டியவை. மரம் ஈரமாக இருக்கும்போது செதுக்கி ஒட்டினால், காய்ந்து சுருங்கும்போது கண்ணாடிகள் உதிரும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். மென்மரம் என்பதால் பூச்சி துளைக்கும். வியர்வையோடு பெட்டியில் வைத்து மூடினால் பூசணம் பிடிக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் காற்றாட உலர்த்திய பிறகே பெட்டிக்குள் போக வேண்டும். மழைக்கால உதவித்தொகை, அணிப் பராமரிப்பு, இரவுப் பயணத்துக்கு விபத்துக் காப்பீடு, கலைஞர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு. இந்த நான்கில் எதைச் செய்தாலும் கூத்துக்கு நல்லது. அணிப்பெட்டியின் சாவி மட்டும் ஜமாவிடமே இருக்கட்டும். அருங்காட்சியகம் வைக்கிறோம் என்று வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

இரண்டாம் நாள்: புத்துப்பட்டு, கழுவெளி, நடுக்குப்பம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு. அய்யனார் கோயிலைச் சுற்றிப் பழைய கோயில்காடு நிற்கிறது. சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இப்படிச் சாமிக்கு விட்ட துண்டுகள்தாம். பாலை, வீரை, காசான், கருங்காலி, நெய்க்கொட்டான், காட்டு எலுமிச்சை. கொடிகள் பின்னிக் கிடக்க, உள்ளே நடந்தால் உச்சிவெயில் தெரியாது. மழை குறைந்த மணற்பாங்கான நிலத்தில் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் காடு இது. இந்தப் பகுதியில் மரம் நட விரும்பும் எந்த அறக்கட்டளையும் முதலில் வந்து பார்க்க வேண்டிய இடமும் இதுதான். எந்த மரம் இங்கே நிற்கும் என்பதற்கான விடை கண்முன்னே இருக்கிறது. விதையும் இங்கே கிடைக்கும், ஊரிடம் கேட்டு எடுத்தால்.

ஆரோவில்லில் 1973-இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காட்டின் குழுவினர் இந்தக் காட்டு இனங்களை வளர்த்தெடுப்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள். மரக்காணத்துக்கு அருகே நடுக்குப்பம் பள்ளியோடும் சுற்று ஊர்களோடும் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். அருகிலுள்ள கழுவெளி, உவர்நீரும் நன்னீரும் கலக்கும் பெரிய சதுப்புநிலம். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுக் கிராமங்களின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் கழுவெளிக்கு வந்து, பிறகு கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஆகவே கழுவெளிப் பறவைக்கும் மேட்டு ஏரியின் கரைக்கும் உறவு உண்டு. பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் நீர் போகும் திசையை நடந்தே காட்டினால் அது ஒரு நாள் பாடம். வேறு கருவி எதுவும் வேண்டாம்.

இனி நாற்றங்கால். நடவுத் திட்டங்கள் தோற்பதில் பாதி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

விதையைப் பழம் விழும் காலத்திலேயே சேகரிக்க வேண்டும். நாவலும் வேம்பும் சில வாரங்களில் முளைப்புத்திறனை இழப்பவை. சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும், டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. விதையின் கனத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். பைக் கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. மக்காத சாணம் சேர்ந்தால் சூட்டில் வேர் கருகும், கறையானும் வரும். சிறு பையில் ஓராண்டுக்கு மேல் விட்டால் ஆணிவேர் அடியில் சுருளும். அப்படிச் சுருண்ட கன்று நட்டபின் இரண்டு மூன்று ஆண்டு நன்றாக வளர்வதுபோல் தோன்றிக் காற்றில் சாயும். நடும்போது பையைக் கிழித்து அடிவேரைப் பார்க்க வேண்டும். சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட்டு நட வேண்டும். பையைத் தரையில் வைத்தபடியே விட்டால் வேர் பையைத் துளைத்து மண்ணுக்குள் போய்விடும். பிறகு எடுக்கும்போது அறுபடும். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி வைப்பது இதற்காகத்தான். நடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிழலையும் தண்ணீரையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குழி 45 செ.மீ. நீளம், அகலம், ஆழம். ஆனால் குழிக்கு முன்னால் வரப்பு. சரிவுக்குக் குறுக்கே மண்வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தாத நிலத்தில் கன்று நடுவது வீண். வடகிழக்குப் பருவமழையில் மண் ஒருமுறை ஆழமாக நனைந்தபின், ஐப்பசியில் நட வேண்டும். சூழல் தினம் ஜூன் 5 என்பதால் அன்றைக்கு நட்டுப் படமெடுக்கும் பழக்கம் இந்தக் கரைக்குச் சரிவராது. மாதக்கணக்கில் தண்ணீர் சுமக்க ஆள் இல்லாவிட்டால் அந்தக் கன்றுகள் மழையைப் பார்ப்பதில்லை.

பாலையும் கருங்காலியும் மெல்லத்தான் வளரும். மூன்றாண்டு கழித்துப் பார்த்தாலும் இடுப்பளவு இருந்தால் நல்ல வளர்ச்சி. பணம் கொடுத்தவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரம் வளரும் மரத்தை நடச்சொல்லி நெருக்குவார்கள். கணக்கெடுக்க வேண்டியதும் நட்ட நாளில் இல்லை. மூன்றாவது சித்திரையில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்பதுதான் எண்ணிக்கை. ஆடு மேய்ப்பவரை நடவுக்கு முன்பே உட்காரவைத்துப் பேசி, எந்தத் துண்டு எத்தனை ஆண்டு மூடியிருக்கும், மேய்ச்சலுக்கு எந்தத் துண்டு திறந்திருக்கும் என்று முடிவுசெய்யாமல் போட்ட முள்வேலி எதுவும் நின்றதில்லை.

மூன்றாம் நாள்: சித்தேரிமலைக்கும் கல்வராயனுக்கும் நடுவே

திண்டிவனம், திருவண்ணாமலை, செங்கம் தாண்டி அரூர். அங்கிருந்து கோட்டப்பட்டி வழியாகச் சிட்லிங்கி. மலையாளிப் பழங்குடிகளும் லம்பாடிகளும் வாழும் பள்ளத்தாக்கு. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவப் பணி இப்போது மருத்துவமனையாக நிற்கிறது. காந்திகிராம மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் அவர்கள். காந்திகிராமத்தை நாளை பார்ப்போம்.

சிட்லிங்கியிலிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வரிசை. முதலில் பிள்ளைப்பேறும் குழந்தைச் சாவும். அதற்காக உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். நோய்க்குக் காரணம் தட்டில் என்று தெரிந்தபோது சிறுதானியமும் இயற்கை வேளாண்மையும் வந்தன. உழவர் சங்கம் உருவாயிற்று. கைவிடப்பட்டுக்கொண்டிருந்த லம்பாடிப் பூத்தையல், மூத்த பெண்களிடம் மிஞ்சியிருந்ததைக் கொண்டு மீண்டும் எழுந்தது. ‘போர்கை’ என்பது அந்தக் கைத்தொழில் அமைப்பின் பெயர். லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த வரிசை இது. முதல் நாளே கல்வி, கலை, சூழல் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பியிருந்தால் இப்படி வந்திராது.

சாமையை அரிசியாக்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிறுதானியத் திட்டங்கள் நாடெங்கும் இடறி விழுவது இந்த உமி நீக்கும் இடத்தில்தான். விதை கொடுக்கிறார்கள், விளைகிறது, குத்த ஆளில்லை, மறு ஆண்டு மரவள்ளிக்குப் போய்விடுகிறார்கள்.

கேழ்வரகுக்கும் கம்புக்கும் அந்தத் தொல்லையில்லை. சாமை, தினை, வரகு, குதிரைவாலிக்குக் கடின உமி உண்டு. வேகமாகச் சுழலும் தட்டிலிருந்து தானியத்தை எறிந்து சுவரில் மோதவிட்டு உமியைப் பிரிக்கும் இயந்திரம்தான் சிறு ஊருக்கு ஏற்றது. அதில் போடுவதற்குமுன் மூன்று வேலை. முதலில் கல் நீக்க வேண்டும். களத்து மண்ணிலிருந்து சேரும் கல் சாமையின் அளவே இருக்கும், சல்லடைக்கு அகப்படாது. எடை வேறுபாட்டில் பிரிக்கும் கல்நீக்கி இல்லாமல் முடியாது. இரண்டாவது, பருமன் பிரிப்பது. பெரியதும் சிறியதும் கலந்து போட்டால், பெரியது நொறுங்கும் வேகத்தில்கூடச் சிறியதன் உமி போகாது. மூன்றாவது ஈரம். 10 முதல் 12 விழுக்காடு வரை இருப்பது நல்லது. அதற்குமேல் போனால் உமி கழலாது. மிகக் காய்ந்தால் குருணையாகும். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும் பதம் என்பதைப் பாட்டிகள் கருவியில்லாமலே சொல்லிவிடுவார்கள்.

உமி நீக்கிய அரிசி அதிக நாள் தாங்காது. தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்குவாடை அடித்துவிடும். ஆகவே உமியோடு சேமித்து, கேட்பு வரும்போது மட்டும் குத்த வேண்டும். உமியோடு இருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்கு ஒதுக்கிய தானியமாக முன்னோர் இதை வைத்திருந்ததற்குக் காரணமே அதுதான். இயந்திரத்தை வாங்கித் தருவது அறக்கட்டளைக்கு எளிது. மும்முனை மின் இணைப்பு, தூசி வெளியேற்றும் வழி, தேயும் உதிரிபாகம் எங்கே கிடைக்கும், பழுதானால் யார் கழற்றுவது என்பதையெல்லாம் வாங்குமுன் எழுதி வைக்கவில்லையென்றால் ஒரே அறுவடையோடு அது மூலைக்குப் போகும். உள்ளூரில் குறைந்தது இரண்டு பேருக்காவது கழற்றி மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் கற்றால் அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போன நாளில் இயந்திரம் நிற்கும்.

கல்விக்கு வருவோம். பள்ளத்தாக்கில் ‘துளிர்’ என்ற கற்றல் மையம் மாலைநேரக் கல்வியோடு கைவேலையும் கட்டுமானமும் கற்பித்துவந்தது. பொதுவாக மாலை மையங்களைப் பற்றி: ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில், ஓர் ஆசிரியரே பல வகுப்புகளைப் பார்க்க வேண்டிய சிற்றூர்ப் பள்ளிகளுக்காக பாடங்களை ஏணிப்படிபோல் அடுக்கி, அட்டைகள் வழியாகப் பிள்ளைகளே படிப்படியாகக் கற்கும் முறையை உருவாக்கினார்கள். அதுவே 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் 2007-இல் தமிழகம் முழுவதற்கும் செயல்வழிக் கற்றலாக வந்தது. சிறிய இடத்தில் ஓர் அறப்பணி நீண்டநாள் பொறுமையாகச் செய்து பார்த்ததை அரசு எடுத்துக்கொண்டு பரப்பிய அரிய எடுத்துக்காட்டு. 2021-இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யும், 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அதன்பின் அடித்தட்டுக்கு வந்தவை. புதிதாக மாலை மையம் தொடங்குகிறவர் அதே ஊரில் ஏற்கெனவே இருக்கும் தன்னார்வலரையும் பள்ளி ஆசிரியரையும் பார்க்காமல் தொடங்கினால், ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் பெயர் கொடுத்திருக்கும், எந்த இடத்திலும் வாசிக்கக் கற்றிராது.

வகுப்பு வாரியாக உட்கார வைக்காமல் வாசிப்பு நிலை வாரியாக உட்கார வைப்பதுதான் மையத்தின் உயிர். எழுத்து தெரியாதவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர், கதை வாசிப்பவர் என்று நான்கு வட்டம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஐந்து நிமிடம் வாசிக்கச் சொன்னால் எந்த வட்டம் என்று தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை மறுபடி பார்த்து வட்டம் மாற்ற வேண்டும். ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். நூலகத்துக்கு 200 புத்தகம் போதும், அவற்றில் பாதி 16 பக்கத்துக்கு மேல் போகாதவையாக இருக்கட்டும். அலமாரி பூட்டிக்கிடந்தால் புத்தகம் புதிதாகவே இருக்கும். கிழிந்த புத்தகம்தான் வேலை செய்த புத்தகம். பதிவேட்டை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பெரியவர்களைவிட நேர்த்தியாக எழுதுவார்கள். சாவியும் அவர்களிடமே இருக்கலாம்.

நான்காம் நாள்: காந்திகிராமம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளப்பட்டிக்கு அருகே. இரயிலில் வருவோர் அம்பாத்துரையில் இறங்க வேண்டும். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய இடம். 1956-இல் கிராமிய நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கஸ்தூரிபா மருத்துவமனை, காதி, சித்த மருந்து தயாரிப்பு, பிள்ளைகள் இல்லம் என்று பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தவை பல. கைத்தொழிலையும் படிப்பையும் பிரிக்காத ஆதாரக் கல்வியில் தொடங்கிய இடம் அறிவியல் பட்டங்கள் வழங்கும் இடமாக ஆனது வரை நடந்து பார்க்க அரை நாள் போதும்.

மீதி அரை நாளைப் பணத்தின் வழியைப் புரிந்துகொள்ளச் செலவிட்டோம். சலிப்பூட்டும் பொருள் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. நாற்று எப்போது நடப்படும் என்பதை மழையைவிட நிதியாண்டு அதிகம் தீர்மானிக்கிறது.

இந்தியாவில் அறப்பணி அமைப்பை மூன்று வகையாகப் பதியலாம். அறக்கட்டளை, தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம், நிறுவனச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்கீழ் இலாப நோக்கமற்ற நிறுவனம். அறக்கட்டளையில் பத்திரத்தில் பெயருள்ள அறங்காவலர்களே முடிவெடுப்பார்கள். சங்கத்தில் உறுப்பினர் பொதுக்குழு கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர்மக்கள் நடத்த வேண்டிய ஏரிச் சங்கத்தையோ விதை வங்கியையோ அறக்கட்டளையாகப் பதிந்தால், பெயர் எழுதிய ஐந்து பேர் கைக்கு அது போய்விடும். பதியும் நாளில் செய்யும் இந்தத் தவறு பத்தாண்டு கழித்தே கண்ணுக்குத் தெரியும்.

வருமான வரி விலக்குப் பெற்ற அமைப்பு ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால், 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கில்தான் முதலில் வந்திறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை இருந்தது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதி வாங்கி ஊரிலுள்ள சிறிய குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்த வழி அதோடு அடைபட்டது. சின்னக் குழுக்கள் பல சோர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வருவது. முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காடு. தொடர் திட்டமானாலும் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டுக்குள் முடிக்க வேண்டும். கணக்கு மார்ச் 31-இல் முடிவதால் பணம் பல நேரம் மாசி, பங்குனியில் அவசரமாக வரும். பங்குனி வெயிலில் கன்று நட முடியாது. அதற்கு ஒரே வழி, அந்தப் பணத்தில் வரப்பு, குழி, வேலி, நாற்றங்கால் வேலையை முடித்துக்கொண்டு நடவை ஐப்பசிக்கு ஒதுக்கி ஒப்பந்தத்திலேயே எழுதுவது. ஏரி வேலைக்கோ இந்தப் பருவம் சரியாகப் பொருந்தும். ஏரி காய்ந்து கிடப்பது சித்திரை, வைகாசியில்தானே.

ஐந்தாம் நாள்: மதுரைக்குத் தெற்கே, கண்மாய்க்கரையில்

இந்தப் பக்கம் ஏரி என்று சொல்வதில்லை, கண்மாய். தமிழகத்தில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியத்திடம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘தான்’ (DHAN) அறக்கட்டளை 1997 முதல் வயலகம் என்ற பெயரில் கண்மாய் உழவர் சங்கங்களைக் கட்டிவந்திருக்கிறது. ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு சங்கம், அவை சேர்ந்து கண்மாய்த் தொடர் அளவில் கூட்டமைப்பு. மேல்கண்மாய் நிரம்பி மறுகால் போனால்தான் கீழ்க்கண்மாய்க்கு நீர் என்பதால் தனிக் கண்மாயை மட்டும் சீராக்குவதில் பயனில்லை என்பதை இந்த அமைப்பு முறையே சொல்லிவிடுகிறது.

கண்மாய் வேலையை ஆரம்பிக்கும்போது எல்லாரும் கேட்பது தூர்வாருவதைத்தான். பொக்லைன் இறங்கினால் வேலை நடப்பதாகத் தெரியும். ஆனால் அது கடைசி வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் நீர்பிடியில் 30 செ.மீ. எடுத்தால் 3,000 கன மீட்டர் மண். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.8 கன மீட்டர். ஆயிரம் யூனிட்டுக்கு மேல் வெளியே போக வேண்டும். 40 ஹெக்டேர் கண்மாயை முழுதும் தூர்வாருவது எந்த அறக்கட்டளைக்கும் கட்டுபடியாகாது.

வரிசை இது. முதலில், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால். ஆக்கிரமிப்பாலும் சீமைக்கருவேலத்தாலும் அடைபட்ட வரத்துக்காலைத் திறக்காமல் கண்மாயை ஆழப்படுத்தினால் வெறும் பள்ளம்தான் மிஞ்சும். கருவேலத்தை மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை வரும். வேரோடு தோண்டி எடுத்து, அடுத்த மழைக்குப்பின் முளைக்கும் கன்றுகளையும் பிடுங்க வேண்டும். பிடுங்கும் ஆண்டுச் செலவு ஒப்பந்தத்தில் இல்லையென்றால் மூன்றாண்டில் காடு திரும்பிவிடும். இரண்டாவது, வயலுக்கு நீர் திறக்கும் மடை. பலகை உளுத்தோ திருகு துருப்பிடித்தோ ஒழுகும் மடையைச் சரிசெய்தாலே பல கண்மாய்களில் இரண்டு பாய்ச்சலுக்குத் தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும். மூன்றாவது, மிகுநீர் வழியும் கலுங்கு. அதன் மட்டத்தை உயர்த்தச் சொல்லி ஆயக்கட்டுக்காரர் கேட்பார்கள். உயர்த்தினால் நீர்பிடியோரத்துப் பட்டா நிலம் மூழ்கும், கீழ்க்கண்மாய்க்கு மறுகால் பிந்தும், கரைக்கும் ஆபத்து. பழைய மட்டத்தை ஒரு விரற்கடைகூட மாற்றக் கூடாது. நான்காவது கரை. மண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகக் கொட்டி, ஈரப்பதம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். டிப்பரில் கொட்டிவிட்டு மேலே மட்டம் தட்டிய கரை முதல் மழையில் விரிசல் விடும். கரைக்கு மண் எடுக்கிறோம் என்று கரையடியிலேயே பள்ளம் பறிப்பது நீர் கசிந்து கரை சரிவதற்குப் போடும் வழி. அடியிலிருந்து பத்து மீட்டராவது தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகே வண்டல். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வயலுக்குப் பாயாது. மாட்டுக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும். அது வேண்டுமா என்று ஊர் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். அளவு மீறி ஆழமாகப் போனால் அடியிலுள்ள களிமண் படுகை கிழிந்து நீர் நிற்காமல் இறங்கிவிடும். மேல் அடுக்கு வண்டல் வயலுக்கு உரம், ஆகவே உழவர் தம் வண்டியில் எடுத்துப் போனால் அறக்கட்டளைக்குச் செலவில்லை. அடி மணலோ சவடோ வெளியே விற்பனைக்குப் போகத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மடையைத் திறக்கவும் அடைக்கவும் இந்தப் பக்கத்து ஊர்களில் நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று பரம்பரையாக ஆள் உண்டு. கடைமடை வரை யாருக்கு எந்த முறையில் நீர் என்பது அவருக்கு மனப்பாடம். அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று கூலி. பல ஊர்களில் இந்த வேலை ஒடுக்கப்பட்ட சாதியார்மேல் சுமத்தப்பட்டது, கூலியும் இழுபறி, மரியாதையும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போனதில் வியப்பில்லை. அந்த வேலைக்கு மாதச் சம்பளமும் சங்கத்தின் செயற்குழுவில் ஓர் இடமும் கொடுப்பது கரை போடுவதைவிட முக்கியமான மராமத்து என்பது எங்கள் உறுதியான கருத்து. சம்பளத்துக்கு வழியுண்டு. வேலை தொடங்குமுன் ஆயக்கட்டு உழவர்களிடம் ஏக்கர் கணக்கில் பங்குத்தொகை வாங்கி, அறக்கட்டளையும் ஒரு பங்கு சேர்த்து, சங்கத்தின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். 2 இலட்சம் ரூபாய்க்கு 6 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 12,000. மாதம் ஆயிரம் அவருக்குப் போதாதுதான். மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்திலும் கருவேல விறகிலும் வருவதில் சங்கத்துக்குப் பங்கு கிடைக்கும்படி ஊராட்சியோடு முன்பே எழுதிக்கொண்டால் சமாளிக்கலாம். வைப்புநிதியைக் கரை உடைந்தாலும் தொடக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

வரவு செலவைக் கண்மாய்க்கரைக் கோயில் சுவரிலோ மடைத்தூண் அருகிலோ பெயிண்டில் எழுதிவைக்கும் பழக்கத்தை எல்லா வேலைக்கும் கொண்டுவர வேண்டும். வந்த தொகை, யாரிடமிருந்து, எத்தனை யூனிட் மண், எத்தனை நாள் இயந்திரம், மீதி எவ்வளவு. உத்திரமேரூர்ச் சுவரில் பார்த்த அதே வேலைதான்.

முதல் மழை நீர் கண்மாயில் ஏறும் நாளில் அறக்கட்டளைக்காரர்கள் ஊரில் இருப்பது நல்லது. விழாவுக்காக இல்லை. மடை ஒழுகுகிறதா, புதுக்கரையில் நண்டுப் பொந்து தெரிகிறதா, கலுங்கில் நீர் சமமாக வழிகிறதா என்று நீர்பாய்ச்சியோடு சேர்ந்து கரை முழுக்க நடந்து பார்த்து, குறையைக் குறித்துக்கொண்டு, திருகுச் சாவியை அவர் கையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். அடுத்த கோடையில் போய் அந்தக் குறைகள் சரியாகிவிட்டனவா என்று பார்ப்பது வரை ஒப்பந்தக் காலத்தில் சேர்த்தே எழுதலாம்.